ஆன்லைன் வகுப்பில் மாணவர்கள் தங்களுக்குள் பேச என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறீர்கள். வார இறுதியில் அறுபது பேருக்கு ஆன்லைனில் வகுப்பு. கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. கேமரா எல்லாம் அணைந்து கிடக்கிறது. விவாதப் பக்கத்தில் எழுதச் சொன்னால் "நல்ல கருத்து, நானும் ஆமோதிக்கிறேன்" என்று பாதி வகுப்பு ஒரே வரியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆறு பேருக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தால் ஒருவர் செய்கிறார், மீதி ஐந்து பேர் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். இவர்களைப் பேசவைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "பேசாமல் வீடியோவைப் போட்டுவிட்டுத் தேர்வு வைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் தங்களுக்குள் பேசுவதால் படிப்புக்கு நிஜமாகவே பலன் உண்டா, இல்லை மேலிடத்துக்குக் காட்டுவதற்கான சடங்கா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் புள்ளியியல் ஆசிரியர். நீண்ட காலம் வகுப்பறையில் கற்பித்தேன். 2020-க்குப் பிறகு, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஆன்லைனில் கற்பிக்கிறேன். தொலைநிலைக் கல்வி பற்றிய ஆய்வுகளையும் முறையாகப் படித்திருக்கிறேன். இந்தத் துறையில் பெரும்பாலான பேச்சு 1989-ல் தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் பிரித்துக்காட்டிய மூன்று உறவுகளில்தான் தொடங்கும்: மாணவர் பாடத்தோடு கொள்ளும் உறவு, ஆசிரியரோடு கொள்ளும் உறவு, சக மாணவரோடு கொள்ளும் உறவு. கனடாவில் உள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பெர்னார்டும் அவர் குழுவும் 74 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியிட்ட முடிவுப்படி, மூன்றில் எதை வலுப்படுத்தினாலும் மாணவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். அதிலும் சக மாணவரோடும் பாடத்தோடும் உள்ள உறவை வலுப்படுத்திய இடங்களில் கிடைத்த பலன், ஆசிரியரோடு உள்ள உறவை வலுப்படுத்திய இடங்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆசிரியர்களான நமக்கு இது கொஞ்சம் உறுத்தலான முடிவு. ஆனால் உறுதியான முடிவு.

அதற்காக எல்லாப் பாடத்திலும் மாணவர்களைப் பேசவைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றில் ஏதாவது ஒன்று நன்றாக இருந்தாலே ஆழ்ந்து கற்க முடியும், மற்ற இரண்டும் குறைந்தாலும் பாதகமில்லை என்று அதே துறை ஆய்வாளர் டெர்ரி ஆண்டர்சன் 2003-ல் எழுதினார். இதை ஒரு வாதம் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், நிரூபிக்கப்பட்ட விதியாக அல்ல. ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் சேர்ந்து, ஆளாளுக்கு ஒரு வேகத்தில் முடிக்கும் பாடத்தில் விவாதப் பக்கம் வைப்பது வீண் வேலை. அந்த உழைப்பை நல்ல பயிற்சிக் கணக்குகளில் போட்டால் மாணவருக்கு நன்மை. உங்கள் வகுப்பு அப்படியில்லை. அதே அறுபது பேர், அதே செமஸ்டர், அதே தேர்வு. இங்கே அவர்கள் பேசாமல் போனால் நிச்சயம் நஷ்டம்தான்.

பேச்சு என்றால் எந்தப் பேச்சு என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012-ல் மின்சுற்றுகள் பற்றி நடத்திய முதல் திறந்த இணையப் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள், ஏறக்குறைய 7,000 பேர் சான்றிதழ் பெற்றார்கள். விவாதப் பக்கத்தில் எழுதியவர்கள் மொத்தத்தில் 3 சதவீதம்தான். ஆனால் சான்றிதழ் பெற்றவர்களை மட்டும் எடுத்தால் பாதிக்கும் சற்று மேல். இன்னொரு தகவல் எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. பாடத் தளத்துக்கு வெளியே, இன்னொரு மாணவரோடோ விஷயம் தெரிந்த ஒருவரோடோ சேர்ந்து படித்தவர்கள், தனியாகப் படித்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்குவார்கள் என்று கணக்கு காட்டியது. சேர்ந்து படித்ததால் மதிப்பெண் கூடியதா, ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் துணை தேடிக்கொண்டார்களா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. புள்ளியியல் ஆசிரியர் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எழுதாதவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். மைக்கேல் போடோயின் என்ற ஆய்வாளர் 2002-ல் ஓர் ஆன்லைன் வகுப்பில் கண்ணுக்கே படாத மாணவர்களைப் பற்றி விசாரித்தபோது, அவர்கள் மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதிலும் பாட வேலையிலும் கணிசமான நேரம் செலவிட்டிருந்தது தெரியவந்தது. சிறிய வகுப்பு, சிறிய ஆய்வு. ஆனாலும் பேசாத பிள்ளையைச் சோம்பேறிப் பிள்ளை என்று முடிவுகட்டுவதற்கு முன் இது நினைவுக்கு வர வேண்டும்.

இனி, ஏன் பேசுவதில்லை என்பதற்கு வருகிறேன். கரெல் க்ரெய்ன்ஸ், பால் கிர்ஷ்னர், விம் யோகம்ஸ் ஆகிய நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003-ல் இரண்டு தப்பெண்ணங்களைச் சுட்டிக்காட்டினார்கள். பேசுவதற்கு வசதி செய்துகொடுத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நினைப்பது ஒன்று. பாடத்தைப் பற்றிய பேச்சு மட்டும் போதும், பழக்கம், அரட்டை, நட்பு எல்லாம் தேவையில்லை என்று நினைப்பது இன்னொன்று. நம் ஊர் ஆன்லைன் வகுப்புகளில் நான் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் அடங்கிவிடும். மூடில் என்ற பாடத் தளத்தில் ஒரு விவாதப் பக்கம் திறந்து வைக்கிறோம், "அனைவரும் கலந்துரையாடவும்" என்று ஒரு வரி போடுகிறோம், வேலை முடிந்ததென்று நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் மாணவர்கள் பேசாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் இல்லாத வாட்ஸ்அப் குரூப் ஒன்று அவர்களுக்குக் கட்டாயம் இருக்கும். "நாளைக்கு எத்தனை யூனிட்?", "நாலாவது கணக்கு யாருக்காவது வந்ததா?", "சார் சொன்ன ஃபார்முலாவை ஒரு போட்டோ எடுத்துப் போடுடா" என்று நள்ளிரவு வரை ஓடும். சேர்ந்து படிப்பது அங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது, காப்பியடிப்பதும் அங்கேதான். அந்தக் குரூப்புக்குள் நுழைய முயற்சி செய்யாதீர்கள். நுழைந்தால் அது செத்து, இன்னொன்று பிறக்கும். அங்கே ஏன் பேச்சு வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஒருவரை ஒருவர் தெரியும், தமிழில் பேசலாம், தப்பாகச் சொன்னால் மதிப்பெண் போகாது, பதில் கிடைக்காவிட்டால் இன்றிரவு வேலை நின்றுவிடும். உங்கள் விவாதப் பக்கத்தில் இந்த நான்கில் எது இருக்கிறது?

மொழியை நம்மில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாடம் ஆங்கிலத்தில் என்பதால் பேச்சும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளை, அறுபது பேர் முன்னால் இலக்கணப் பிழையோடு ஒரு வாக்கியம் எழுத எப்படித் துணியும்? "தமிழில் எழுதலாம், கலந்து எழுதலாம், குரல் பதிவும் அனுப்பலாம்" என்று முதல் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்வதோடு விடாமல் நீங்களே முதல் பதிவைத் தமிழில் போடுங்கள். இந்த ஒரு மாற்றம் என் வகுப்புகளில் கொண்டுவந்த வேறுபாட்டை வேறு எந்த உத்தியும் கொண்டுவரவில்லை.

இன்னொரு தடை பெண் பிள்ளைகளின் போன் நம்பர். குழு வேலை என்றதும் மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப் தொடங்குகிறார்கள். அதில் சேர்ந்தால் நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு வரும் வேண்டாத மெசேஜ்களுக்குப் பயந்தோ, வீட்டில் திட்டு விழும் என்றோ பலர் சேராமல் இருந்துவிடுவார்கள், காரணத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். குழு வேலையைக் கூகுள் கிளாஸ்ரூம், மூடில் போன்ற நம்பர் தெரியாத இடத்தில் வையுங்கள். டெலிகிராம் என்றால் நம்பரை மறைத்துக்கொள்ளும் வழியைக் காட்டிக்கொடுங்கள்.

குழு அசைன்மென்டில் ஒருவர் மட்டும் உழைப்பது பழைய நோய். ஆன்லைன் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்திருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, எட்டுப் பேரின் தனித்தனி பலத்தைக் கூட்டினால் வருவதில் பாதி அளவுதான் வந்தது. கோயில் தேரின் வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாலே இழுத்த கணக்கில் சேர்ந்துவிடுகிறது அல்லவா, அதே கதை. இதில் ஒரு பகுதி, எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க முடியாததால் வரும் இழப்பு. 1979-ல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் அதைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கூட வேறு சிலரும் கத்துகிறார்கள் என்று நம்பவைத்தபோது, உண்மையில் தனியாகக் கத்தியவர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தங்கள் பங்கு தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்ச்சி மறைந்துவிடுகிறது என்று அடுத்தடுத்த சோதனைகள் காட்டின. ஆகவே உங்கள் மாணவர்களின் குணத்தைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. யார் என்ன செய்தார்கள் என்று தெரியாதபடி வேலையை அமைத்தால் யாராக இருந்தாலும் கையைத் தளர்த்திவிடுவார்கள்.

ஆறு பேர் அதிகம். மூன்று அல்லது நான்கு பேராகப் பிரியுங்கள், செமஸ்டர் முழுக்க அதே குழுவை வைத்திருங்கள். பழகுவதற்கே சில வாரங்கள் ஆகும் என்பதால் வாரா வாரம் கலைத்துக் கலைத்துப் போடுவது கேடு. மதிப்பெண்ணில் பெரும்பகுதி தனிப் பங்குக்கும், சிறுபகுதி குழுவாகச் செய்து முடித்ததற்கும் போகட்டும். கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் யார் எப்போது எதை எழுதினார்கள் என்பதை அதன் திருத்த வரலாற்றில் பார்க்கலாம். முடிவில் குழுவில் யாரையாவது ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுத்து, அவர் எழுதாத பகுதியிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கேட்கப்படும் நாளுக்கு முன்பே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, கொடுக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதைத்தான். ஒருவரே உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால் ஒருவர்தான் முடிப்பார். ஆளுக்கொரு துண்டு கையில் இருக்க வேண்டும், எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் விடை வர வேண்டும். இந்த யோசனை புதிதல்ல. 1971-ல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்து ஒருவரை ஒருவர் நம்பிப் படிக்கவைத்த முறை இது. ஆன்லைனில் நமக்கு இன்னொரு வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது, மாணவர்கள் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். சராசரி, அதிலிருந்து எண்கள் எவ்வளவு விலகுகின்றன என்ற விலகல் ஆகியவற்றை நடத்தும்போது நான் குழுவில் ஒவ்வொருவரையும் ஒரே நாள் காலையில் அவரவர் ஊர் உழவர் சந்தைக்கோ காய்கறிக் கடைக்கோ அனுப்பி, தக்காளி, சின்ன வெங்காயம், கத்தரிக்காய் விலையைக் குறித்துவரச் சொல்வேன். தேனியில் ஒருவர், ஓசூரில் ஒருவர், திருவாரூரில் ஒருவர் என்று இருந்தால், மூவரும் எண்களைக் கொண்டுவராமல் யாராலும் கணக்கைத் தொடங்கக்கூட முடியாது. எந்தக் காயின் விலை ஊருக்கு ஊர் அதிகம் மாறுகிறது, ஏன் என்று கேட்டால் பேச்சு தானாகப் பிடித்துக்கொள்கிறது. "எங்க ஊர்ல லோடு வரல", "நீ எந்தத் தரம் பார்த்த, பெருசா சிறுசா?" என்று ஆரம்பித்து, அளவீட்டுப் பிழை வரைக்கும் அவர்களே போய்விடுவார்கள். ஒரே ஊரில் நடக்கும் வகுப்பறையில் இதைச் செய்யவே முடியாது. வணிகவியலில் உங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்புகள் உண்டு. மளிகைக் கடை, மருந்துக் கடை, தையல் கடை என்று ஆளுக்கொரு கடையில் கடன் கொடுத்ததை எப்படிக் குறித்துவைக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொல்லி, ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு கணக்கில் எழுதும், நீங்கள் நடத்தும் இரட்டைப் பதிவு முறையோடு ஒப்பிடச் சொல்லலாம். கடைக்காரரின் பெயரும் அவரிடம் கடன் வாங்கியவர்களின் பெயரும் வேண்டாம், முறை மட்டும் போதும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிப்பட்ட வேலைக்கு இன்னொரு பலனும் இருக்கிறது. சாட்ஜிபிடி வந்தபின், "இரட்டைப் பதிவு முறையின் நன்மைகளை விவாதிக்க" என்ற கேள்விக்கு வரும் பதிவுகளில் எது மாணவர் எழுதியது என்று பிரித்தறிவது கடினம். நேற்று மதியம் தன் தெருக் கடையில் கேட்டுவந்ததை எந்த மென்பொருளும் அவருக்கு முன் எழுதிவைத்திருக்காது.

"ஆமோதிக்கிறேன்" வரிகளுக்குக் காரணம், முதலில் எழுதியவரின் பதில் எல்லார் கண்ணிலும் படுவதுதான். மூடிலில் விவாதப் பக்கம் அமைக்கும்போது கேள்வி-பதில் வகை என்று ஒன்று உண்டு. அதில் தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்களின் பதில் தெரியும். நேரடி வகுப்பிலும் இதையே செய்யலாம். எல்லாரும் சாட்டில் பதிலைத் தட்டச்சு செய்யட்டும், நீங்கள் சொன்னபின் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். தப்பான விடையும் கூட்டத்தோடு கூட்டமாக வந்துவிடுவதால் கூச்சம் குறையும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் கண்டறிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. மியூட்டை எடுக்க, நெட் வந்து சேர இன்னும் நேரம் பிடிக்கும் ஆன்லைனில் பத்து நொடியாவது மௌனமாக இருக்கப் பழகுங்கள். முதலில் சங்கடமாக இருக்கும். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைக்கும் பிரேக்அவுட் ரூமுக்கு அனுப்புவதென்றால், திரும்பி வரும்போது கையில் ஒரு வரி விடையோ ஓர் எண்ணோ இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். "போய்க் கலந்து பேசுங்கள்" என்று அனுப்பினால் அறைக்கு நான்கு மௌனங்கள்தான் மிஞ்சும்.

சந்தேகம் வரும் ஒவ்வொரு தடவையும் நீங்களே ஓடி வந்து பதில் சொல்லாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மஸோலினியும் சாரா மேடிசனும் இணையவழி வானியல் பாடங்களின் விவாதங்களை ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். ஆசிரியர் அதிகம் எழுதிய இடங்களில் மாணவர் பதிவுகள் குறைவாகவும் விவாதங்கள் குட்டையாகவும் இருந்தன. ஆனால் அதிகம் எழுதிய ஆசிரியரைத்தான் மாணவர்கள் ஆர்வமுள்ளவர் என்று மதிப்பிட்டார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அடியோடு காணாமல் போனால் அக்கறையில்லாத ஆசிரியர் என்று பெயர் வரும், விழுந்து விழுந்து பதில் சொன்னால் மாணவர் வாய் மூடிக்கொள்ளும். நான் ஒரு நாள் பொறுத்து, அதுவரை மாணவர்கள் சொன்ன பதில்களில் சரியானதை அவரவர் பெயரோடு எடுத்துக்காட்டி, விட்டுப்போனதை மட்டும் சேர்ப்பேன். தேர்வுத் தேதி, மதிப்பெண் போன்ற நிர்வாகக் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன்.

பங்கேற்புக்கு மதிப்பெண் தரலாமா என்பதில் எனக்கு உறுதியில்லை. தந்தால் எண்ணிக்கை கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம், தரம் கூடுமா என்பது வேறு விஷயம். இன்டர்னல் மார்க்கில் சிறு பங்கு வைத்து, பதிவுகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல் இன்னொருவர் சொன்னதை எடுத்துத் திருத்தியதற்கோ மறுத்ததற்கோ தந்தால் ஓரளவு வேலை செய்கிறது. இதை ஆய்வின் முடிவாகச் சொல்லவில்லை, என் பழக்கமாகவே சொல்கிறேன். மேலே சொன்ன ஆய்வுகள் பலவும் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் நடந்தவை. அவற்றை, தம்பி தங்கையோடு ஒரே போனைப் பகிர்ந்து அன்றைய டேட்டா தீருமுன் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

கேமராவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லியும் சர்வாரியும் 2021-ல் தங்கள் மாணவர்களிடம் காரணம் கேட்டபோது, தோற்றம் பற்றிய கூச்சம், பின்னால் தெரியும் ஆட்களும் வீடும், நெட் சரியில்லாதது ஆகியவைதான் முன்னால் நின்றன. ஒற்றை அறை வீட்டில், மிக்ஸி ஓட, பாட்டி படுத்திருக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் மாணவரிடம் "கேமராவைப் போடு" என்று சொல்வது அவர் வீட்டைத் திறந்து காட்டச் சொல்வதாகும். மூன்று பேர் குழுவில் ஒருவரையொருவர் தெரிந்தபின் சிலர் தாங்களாகவே போடுவார்கள்.

செய்முறை, ஆய்வகம் உள்ள பாடங்களை நான் ஆன்லைனில் கற்பித்ததில்லை. வேதியியல், மின்னணுவியல் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் குழு வேலையை எப்படி அமைக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கேட்டவருக்கு ஒரு வேண்டுகோள்: வரும் வாரம் எந்த அலகு நடத்தப்போகிறீர்கள், அறுபது பேரும் எந்தெந்த ஊர்க்காரர்கள் என்று சொன்னால், ஆளுக்கொரு துண்டு வருகிற மாதிரி ஒரு வேலையை உங்களோடு சேர்ந்து யோசிக்கிறேன்.